திருப்பாத பக்கங்கள்

வெஸ்லி ஓகாபே ஆறரைக்கு எழுந்தான். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தான். முதல் கரண்டிச் சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து இறந்துபோன மனைவி மினாகோவின் படத்துக்கு முன்னால் வைத்தான். மீதியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றித் தின்றான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். வெளியே பனிமூட்டம். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

அலுவலகத்தில் அவன் மேசைமேல் புதுக் கதையின் பக்கங்கள் வந்து கிடந்தன.

புதுக் கதை என்றால், மினாகோ கடைசியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜப்பானியப் படக்கதை. பழைய ஜப்பானில் ஆற்றங்கரைச் சத்திரம் நடத்தும் ஒருத்தியைப் பற்றியது. படங்களின் பேச்சுக் குமிழ்களில் உள்ள ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டு, மனைவியின் ஆங்கிலத்தைக் கையால் எழுத வேண்டியது வெஸ்லியின் வேலை.

பக்கங்கள் திருப்பப்பட்டிருந்தன.

ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிக்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு அது வராது என்று, கண்ணாடியில் தெரிவதுபோல் ஒவ்வொரு பக்கத்தையும் இடவலம் மாற்றிவிடுவார்கள். அந்த நாளில் சான் பிரான்சிஸ்கோவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெஸ்லியும் எத்தனையோ புத்தகங்களுக்கு அப்படி எழுதியிருக்கிறான்.

முதல் பக்கத்தில் சத்திரக்காரி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் கிமோனோ அங்கியின் முன்பக்கத்தில் வலது மடிப்பு இடதின் மேல் ஏறியிருந்தது.

உயிரோடு இருப்பவர்கள் இடதை மேலே போட்டுக் கட்டுவார்கள். வலது மேலே வருவது பிணத்துக்கு மட்டும்.

மார்ச் மாதம், ஜப்பானில் நீகாட்டாவிலிருந்து வந்த அவன் மாமியார், மகள் மினாகோவுக்கு அப்படித்தான் கட்டிவிட்டாள். வெஸ்லி மினாகோவின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவன். அதுவரை எது மேலே எது கீழே என்று கவனித்ததே இல்லை.

பக்கங்களைப் புரட்டினான். படகுக்காரன். வரி வசூலிக்க வந்தவன். சோறு தின்னும் குழந்தை.

எல்லோருக்கும் வலது மேலே.

பக்கக் கட்டைத் தூக்கிக்கொண்டு பதிப்பாளர் கர்ட்டின் அறைக்குப் போனான். திருப்பாத பக்கங்களில்தான் எழுதுவேன் என்றான். ஏன் என்றும் சொன்னான்.

கர்ட் சிரித்தான். “ஒஹாயோல எவன்டா துணி மடிப்பைப் பாக்கப் போறான்? நம்ம பசங்க சண்டைப் படம் இருக்கான்னு புரட்டிப் பாத்துட்டு வச்சிருவானுங்க.”

வேண்டுமானால் மடிப்பை மட்டும் மாற்றி வரையச் சொன்னான். வெஸ்லி ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினான். சத்திரக்காரி மடிப்புக்குள் கைவிட்டுப் பணப்பையை எடுக்கிறாள். மடிப்பை மாற்றினால் கை துணியைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

கர்ட்டின் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து திறக்கும் புத்தகத்தைத் தப்பாக பைண்டு செய்தது என்று நினைத்துக் கடைக்காரர்கள் மூட்டையாகத் திருப்பி அனுப்புவார்கள் என்றான். பக்கங்களைத் திருப்பிப் போட்டால் கதையின் மூன்று பாகமும் வரும். இல்லையென்றால் இந்தக் கதையே வேண்டாம், வேறு எத்தனையோ கதை இருக்கிறது.

வெஸ்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மினாகோ கடைசியாச் சொன்னதே இதுதான் கர்ட். திருப்ப விட்டுறாதன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா.”

கர்ட் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மினாகோ கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன். முதல் பாகம் மட்டும் உன் இஷ்டப்படி போடலாம் என்றான் கடைசியில். கடைகளிலிருந்து புத்தகம் திரும்பி வந்தால் அதோடு சரி, இரண்டாம் பாகம் கிடையாது.

சரி என்றான் வெஸ்லி.

திருப்பாத பக்கங்கள் பரணில் ஒரு பெட்டியில் இருந்தன. அவனே ஏறி இறக்கினான். முதல் பக்கத்தைப் பலகையில் ஒட்டி, பேனாவை மையில் தோய்த்தான். இடது மேலே இருந்தது. எழுத ஆரம்பித்தான்.

கர்ட்டிடம் சொன்னது பொய்.

மினாகோ இருந்த ஆஸ்பத்திரிக்கு மாதிரிப் பக்கம் ஒன்றை எடுத்துப் போயிருந்தான், திருப்பியது. மினாகோ அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்றுதான் அவன் அப்போது நினைத்தான்.

“எல்லாரும் செத்துட்டாங்க பாரு வெஸ். பரவால்ல, இப்படியே போடட்டும், சண்டை போடாத. புத்தகம் வந்தாப் போதும்.”