மகளுக்கென்று ஒரு பெட்டி

"வெள்ளரிக்காய் வந்துச்சா ஜியாஹுய்?" நகரத்தில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டார் லுவோ.

"வந்துச்சுப்பா. எங்க மேனேஜரம்மாவுக்குக் கொடுத்துட்டேன். எப்பவும் அவங்களுக்குத்தான்."

"அடிப்பாவி! வாயும் வயிறுமா இருக்கியேன்னு உனக்காகப் பறிச்சு அனுப்பினா, ஊருக்குத் தானம் பண்றியா?"

"கத்தாதீங்கப்பா. நீங்க சந்தைக்குப் போடுற காய் எங்க தெருக் கடைக்கே வருது. பெட்டியில உங்க பேரைப் பார்த்து வாங்கி, பூண்டும் வினிகரும் போட்டுப் பச்சையாவே திங்குறேன். எல்லாம் நம்ம காய்தானே?"

மகளுக்கு லுவோ அனுப்புவது, கொல்லையில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி விளைந்தது. ஊரில் எல்லோருமே வீட்டுக்கென்று அப்படி ஒரு பாத்தி வைத்திருந்தார்கள். சந்தைக்குப் போவது, சாயப்பட்டறைக் கழிவு கலந்த வாய்க்கால் தண்ணீரில் விளைந்தது. அதை அவர் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை.

"என்னப்பா, பேச்சையே காணோம்? உங்க கையால விளைஞ்சதுன்னு நான் கழுவக்கூட மாட்டேன், தெரியுமா?"