லீப்பின்னா துக்கம்

கிரேக்க நாட்டில் பட்டாளத்து வேலை முடிந்து, 1946இல் எல்லப்பன் திருத்தணிக்குத் திரும்பினான். மகள் அம்சாவுக்கு வாங்கிய பொம்மையை டிரங்குப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி கௌரியம்மாள் கேட்டாள்.

"அந்த ஊர் பாஷை வருமாங்க?"

"கொஞ்சம் வரும். லீப்பின்னா துக்கம். அதிஹியான்னா கெட்ட காலம்."

"நல்ல வார்த்தை எதுவும் கத்துக்கலியா?"

"கண்ணிவெடியில செத்தவங்க வீட்டுக்குப் போயி சேதி சொல்றதுதான் என் வேலை. அதுக்கு இதுதான் தேவைப்பட்டுச்சு."

"புள்ள செத்துப்போச்சுன்னு அந்தப் பாஷையில எப்படிச் சொல்லுவீங்க?"

எத்தனையோ வாசல்களில் நின்று சொன்ன வாக்கியம் அது. பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சரளமாகச் சொன்னான்.

கௌரியம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம அம்சாவைத்தாங்க சொன்னீங்க. தமிழ்ல அதைச் சொல்ல, ஆறு மாசமா எனக்கு வாய் வரல."