தினமும் குறைகிற தண்ணீர்

பூமாரி வீட்டு வாசலில் டிரம், பக்கெட் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. குடிக்கிற குடத்துக்கும் துணியால் வாய் கட்டியிருந்தாள்.

வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது என் வேலை. சேரப்பணஞ்சேரியில் இப்படி ஒரு வீடு அதிசயம். மற்றவர்கள், குழாய் மறுபடி எப்போது வருமோ என்று வாரக்கணக்கில் பிடித்து வைத்திருப்பார்கள். கொட்டச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் மூத்தவளை டெங்குவில் பறிகொடுத்தவள்.

சுவரில் தேதி எழுதிவிட்டுக் கிளம்பியிருப்பேன். தூளியில் சின்னவன் சிணுங்கினான்.

கையெல்லாம் புதுத் தடிப்புகள். பகலில் கடிக்கிற டெங்குக் கொசு, தூரம் பறக்காது. பக்கத்திலேயேதான் எங்கோ பிறந்திருக்க வேண்டும்.

உடம்பும் சுட்டது. சிமெண்ட் ஷீட் கூரையின் சூடா, காய்ச்சலா, தெரியவில்லை. ஐப்பசி மாதம், நேற்று மழை, இன்று சித்திரை வெயில். மனுஷனுக்குத்தான் ஆகாது, கொசுவுக்குக் கொண்டாட்டம்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். எங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கடைசியில்தான் அலமாரியைக் கவனித்தேன். மூத்தவளின் படம், காய்ந்த மாலை, முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர். காரியம் முடிந்தும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்றாளாம். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாத நிலையாம்.

"தெனம் கொறையுதுக்கா. அவதான் வந்து குடிச்சிகினு கீறா."

குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றி நிறைத்திருக்கிறாள். ஒரு நாள்கூடக் கொட்டவில்லை.

அந்தக் கூரைச் சூட்டில் எந்தச் சொம்பும் குறையும்.

சொம்புக்குள் டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கின.

தோளுக்குப் பின்னாலிருந்து பூமாரியும் பார்த்துவிட்டாள். தெருக்கூட்டத்தில் இதே புழுவைப் பாட்டிலில் காட்டியவள் நான்தான்.

"எல்லாத்தையும் மூடி வெச்சேன்க்கா. இத மூடுனா புள்ள எப்டி குடிக்கும்?"

சொம்பை வெளியே எடுத்துப் போய் வெயில் மண்ணில் கொட்டினேன். பாவி, என் கைதான் கொட்டியது.

திரும்பி வந்தபோது அவள் சின்னவனின் நெற்றியில் கை வைத்திருந்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

கூரைச் சூடுதான் என்றேன். சொல்லிக்கொண்டே ஆம்புலன்சுக்கு போன் போட்டேன்.