மாற்றுப் பாதையில் செல்லவும்

“நாசமாப் போறவனுங்க! ஒரு கால்வாய்ச் சுவரைக் கட்ட எத்தனை நாள்தான் இழுப்பானுங்க?” மாடிப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தான் அவன். பேண்ட்டில் முழங்கால் வரை சேறு.

“இன்னிக்கும் சுத்திக்கிட்டுத்தான் வந்தீங்களா?” மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வழக்கமாக வலது கையால் நீட்டுபவள் இன்று இடது கையால் நீட்டினாள்.

“பின்னே? பலகையை வெச்சு அடைச்சிருக்கான். ‘மாற்றுப் பாதையில் செல்லவும்’னு அம்புக்குறி வேற. கிடங்குத் தெரு, லாரி ஷெட்டுன்னு ஊரையே ஒரு சுத்து சுத்தி வர முழுசா அரை மணி நேரம் கூட ஆகுது.”

“பாவம்தான் நீங்க. கால் வலிக்குமே, உக்காருங்க” என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்தான். அந்தப் பாதை திறந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் முன்போலவே கால்வாய்க் கரையில் போய்வந்துகொண்டிருந்தார்கள். இவனும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் அதே வழியில்தான் வந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கரையிலேயே ஒரு பெஞ்சு. அதில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு குழாயடிச் சேற்றை அள்ளிக் காலில் பூசிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான். பொய்யிலும் ஒரு தொழில்சுத்தம் வேண்டாமா?

எல்லாம் அந்த ஐந்தரை மணிக்காகத்தான். அது அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இறக்கி, உடம்பு துடைத்து, துணி மாற்றும் நேரம். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். மகன் துடைக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தத் திரும்பிய முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. பாதையை மூடிய முதல் நாள் நிஜமாகவே தாமதமாகி, அவன் வந்தபோது எல்லா வேலையும் முடிந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த வெட்கங்கெட்ட அப்பாடாவை அவனால் விட முடியவில்லை.

அப்போதுதான் மனைவியின் வலது மணிக்கட்டைக் கவனித்தான். துணி சுற்றியிருந்தது, தைல வாசனை அடித்தது.

“என்னாச்சு கைக்கு?”

“ஒண்ணுமில்ல. மாமாவைத் தூக்க முடியல. போர்வையை அடியில போட்டு இழுத்தேன், கை பிசகிடுச்சு. பாதையைத் திறக்கற வரைக்கும்தானே, சமாளிச்சுக்கலாம்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவள் உள் அறைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

“இன்னிக்காவது அந்தப் பலகையை எடுத்தாங்களா மாமா?”

அவன் சட்டென்று நிமிர்ந்தான். “அவரை ஏன் கேக்கற?”

“தினம் அவரைத்தானே கேக்கறேன்! என் சமையக்கட்டுலேர்ந்து என்ன தெரியும், பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவர் ஜன்னல்லேர்ந்துதான் கால்வாய் பூராவும் தெரியும்.”

ஒன்பது நாளாக அந்த ஜன்னலை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“இல்லம்மா, அப்படியேதான் நிக்குது” என்றது அப்பாவின் குரல். “கேஸ் வண்டி பாலத்துல திரும்புது பாரு. சிலிண்டர் புக்கை எடுத்துக்கிட்டுப் போ, இல்லேன்னா போன வாரம் மாதிரி போயிடுவான்.”

அவள் அலமாரியைத் துழாவிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். சற்று நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம் அப்பா, இல்லாத பலகை இன்னும் நிற்கிறது என்கிறார். போன மாதம்தான் அவனே கடையில் அளவு பார்த்து, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தான். அதற்குள் கண் இவ்வளவு மங்கிவிட்டதே!

பிழைத்தோம் என்று சந்தோஷப்பட்டவன் அடுத்த நொடியே கூசிப்போனான். பெற்றவருக்குக் கண் மங்கியதில் மகனுக்குச் சந்தோஷமா? இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் ஆக முடியுமா?

எழுந்து உள்ளே போனான். அப்பா துடைத்த முகத்தோடு, சலவை வேட்டியில், ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கிழக்குப் பக்கத்துக் கூரைகளில் சாயங்கால வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது.

“நாளையிலேர்ந்து சீக்கிரம் வந்துடுவேன்ப்பா. பாதையை நாளைக்குத் திறக்கறாங்களாம்” என்றான். மனதில் இருந்தது உண்மை, வாயில் வந்தது இன்னொரு பொய்.

அப்பாவின் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

“பவர் ஏறியிருக்கும் போலிருக்குப்பா. கடைக்கு எடுத்துட்டுப் போய் மாத்திக் கொண்டு வரேன்.”

அப்பா இடது கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். மருமகள் படியேறி வருகிறாளா என்று ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கண்ணாடிக்கு ஒண்ணுமில்லடா. அந்தப் பெஞ்சுலதான் எதிர்வெயில் அடிக்குது, நாளைக்கு ஒரு தொப்பி போட்டுக்கிட்டு உக்காரு.”