நீல சிலிப்பர்

எண்பதாம் வருஷம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், எங்கள் இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வெளியே வீடு வாங்கியது. அக்கா இருளாயிக்கு அமைந்த தாமான் குடியிருப்பில் மீன், காய்கறி விற்கிற பசார், கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே நடக்கிற தூரம். எங்கள் தாமானில் உப்பு வாங்கவும் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும்.

அக்கா வீட்டில் பால் காய்ச்சிய அன்று எனக்கு வயிறு எரிந்தது. கிளம்பும்போது வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதை விட்டுவிட்டு அக்காவின் சிலிப்பரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய நீல சிலிப்பர்.

தீபாவளிக்கு அக்கா வந்தாள். வந்ததுமே கோபம்.

"ஏண்டி, தினம் காலையில எங்க பசாருக்கு வாரே. கூப்பிட்டாலும் நிக்காம சிரிச்சுக்கிட்டே நடக்குறே. அப்படியே வீட்டுக்குள்ள வந்தா என்னலா?"

"நானா? எப்படி வாரது, பறந்தா? பால் காய்ச்சுன அன்னைக்கு வந்ததோட சரி."

அக்கா நம்பவில்லை. பையிலிருந்து என் சிலிப்பரை எடுத்துப் போட்டாள்.

"பொய் சொல்லாதே. தினம் எங்க வாசல்லதானே கழட்டிப் போட்டுட்டுப் போறே!"

குதிகால் ஓட்டையாகத் தேய்ந்திருந்தது. அடியில் மீன் செதில். என் பெருவிரல் இருக்கும் இடம் பள்ளமாகியிருந்தது. என் வாசலில் அக்காவின் சிலிப்பர் புதுசு கலையாமல் கிடந்தது. கிளம்பும்போது அக்கா அதை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தேய்ந்ததில் கால் வைத்தேன். ரப்பர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அங்கே என் சிலிப்பரில் ஒருத்தி சிரித்துக்கொண்டே நடக்கிறாளாமே, அவள்மேல்தான் வயிறு எரிந்தது.