தோள் அளவு

"விட்டத்தையே அறுக்கச் சொல்றியா? வெயில் தலைக்கேறிடுச்சா லோர்னா உனக்கு?"

ஏணி உச்சியில் ரம்பத்தோடு நின்ற டாரில் கீழே குனிந்து பார்த்தான்.

அண்ணன் மனைவி அசையவில்லை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அண்ணாந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறு" என்றாள்.

ஆற்று வெள்ளம் வந்து போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது எலும்புக்கூடுதான். ஊறிப்போன சுவர்ப் பலகைகளைப் பிய்த்து, சேற்றை வழித்து, குழாயைப் பிடித்துக் கழுவி, மரச்சட்டங்கள் காயும்வரை காத்திருந்து, இருவருமாகத்தான் ஒவ்வோர் அறையாக மூடினார்கள். சுவரின் கீழ்ப்பாதிக்கு ஈரம் தாங்கும் சிமென்ட் பலகை. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஸ்விட்சுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில்.

பாக்கி ஒன்றே ஒன்று. ஹால் சீலிங்கில், அதற்கு மேலே தகரக் கூரைக்குள் ஏறும் ஓட்டை.

அது மட்டும் சரியாக அமைந்தால் வீட்டுக்குள் வந்து படுப்பேன், இல்லையென்றால் விற்றுவிட்டு பெர்த் நகரத்தில் இருக்கும் மகளோடு போய்விடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் லோர்னா.

முற்றத்தில் நிறுத்திய கேரவன் வண்டியில் அவள் இன்னொரு குளிர்காலம் நடுங்குவதை டாரிலால் பார்க்க முடியாது. பெர்த்துக்குப் போவதையும்தான். அண்ணன் போன பிறகு சொந்தம் என்று அவனுக்கு இந்த ஊரில் இருப்பது அவள் ஒருத்தி.

அதற்காக விட்டத்தை அறுப்பதா?

பழைய ஓட்டையை வெட்டியது அண்ணன் வெய்ன். வேலையில் அப்படி ஒரு சுத்தம் அவனுக்கு. இரண்டு விட்டக்கட்டைகளுக்கு நடுவே என்ன இடைவெளியோ, அதுதான் ஓட்டையின் அகலம். கட்டையில் ரம்பத்தின் பல் படக்கூடாது. சொந்த வீட்டைச் சொந்தக் கையால் இழைக்கிற எவனும் முதலில் கற்கிற பாடம் அது.

"உன் புருஷன் இருந்திருந்தா இந்த ரம்பத்தாலயே என் காதை அறுத்திருப்பான்."

"தெரியும். முட்டுக் குடுத்தாச்சுல்ல, பயப்படாம அறு. அறுத்த முனை ரெண்டுக்கும் இரட்டைக் கட்டை குடுத்து, பக்கத்து விட்டத்தோட சேத்துடு. வெறும் ஆணி வேணாம், போல்ட் போடு. பாரம் அதுல இறங்கிடும்."

எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள்!

"அப்படி எதைத்தான் மேல ஏத்தப்போற? பசு மாட்டையா?"

லோர்னா அளவு டேப்பை எடுத்தாள்.

அவனுக்கு அண்ணன் மேல்தான் கோபம் திரும்பியது. தண்ணீர் ஏறிய அன்று லோர்னா அந்த ஓட்டை வழியாகக் கூரைக்குள் ஏறித் தப்பித்தாள். படகில் வந்தவர்கள் தகரத்தைப் பிரித்து அவளைத் தூக்கினார்கள். வெய்னின் உடலை, தண்ணீர் வடிந்த பிறகு ஹாலில்தான் எடுத்தார்கள்.

பின்னாலேயே வருகிறேன் என்றானாம். அவ்வளவுதான் அவள் சொன்னது.

மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. டூல்ஸ் பெட்டியைக் காப்பாற்றப் போயிருப்பான், பிடிவாதக்காரன். டாரிலும் அதையே நம்பினான். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றபோதுகூட மனதுக்குள் திட்டினான். ஒரு டிரில்லுக்காகவாடா?

"இறங்கு. திரும்பி நில்லு."

இறங்கினான். முதுகில் டேப் விழுந்தது. ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை. அப்புறம் வயிற்றைச் சுற்றி.

"என்ன, சூட் தைக்கவா? இல்ல, பெட்டி செய்யவா?"

அவள் சிரிக்கவில்லை. அந்த அளவோடு ஒரு சாண் கூட்டி, தானே ஏணியில் ஏறி சீலிங்கில் கோடு போட்டுவிட்டு இறங்கினாள்.

டாரில் அறுத்தான். கட்டையைப் பொருத்தினான். போல்ட்டை முறுக்கினான். தலையெல்லாம் மரத்தூள்.

"இப்ப உள்ள ஏறு."

ஏறினான். தலை போனது. இரண்டு கையும் போயின. தோள் போனது. பீர் வளர்த்த வயிறும் எதிலும் படாமல் போய்ச் சேர்ந்தது. சுட்ட தகரத்துக்குக் கீழே, ஓட்டையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு கத்தினான்.

"பசு மாடு ஏறிடுச்சு, லோர்!"



குனிந்து பார்த்தான்.

நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை. ஓட்டையின் நான்கு விளிம்புகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை மட்டும், அவளை அறியாமலே, பாதிவரை மேலே எழுந்து நின்றது.

டாரில் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெய்னும் அவனும் ஒரே வார்ப்பு. ஒருவனுடைய கோட்டை மற்றவன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவான்.

"லோர்... அவன் டூல்ஸ் எடுக்கப் போகலையா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"ஓட்டைக்குள்ள தலையும் ஒரு கையும்தான் வந்துச்சு."

தகரத்தின் சூடு முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏன் எங்க யாருகிட்டயும் சொல்லல?"

"அளவு தப்பா வெட்டிட்டான்னு பேசுவீங்க. அது அவனுக்குப் பிடிக்காது."

காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தோள் எங்கயாவது இடிச்சுதா டாரில்?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல, லோர்."

"அப்ப சரி. படுக்கைய எடுத்துட்டு வர்றேன். போகும்போது ஏணிய மட்டும் இங்கயே விட்டுட்டுப் போ."