ஒரே பால், இரண்டு வயிறு

"வாயைத் திற."

மனைவி திறந்தாள். பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருக்கும் கணவர், டார்ச் அடித்துப் பார்த்தார். பல் இடுக்கில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

"எதைங்க?"

"திங்கிற இனிப்பைத்தான்."

இருவருக்கும் சர்க்கரை நோய். காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால், அதுவும் சர்க்கரை போடாமல், வேறு எதுவும் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். குடித்துவிட்டு இருவரும் விரலில் குத்திப் பார்ப்பார்கள். அவருக்கு சுகர் ஏறுவதே இல்லை. அவளுக்கு மட்டும் கிடுகிடுவென்று ஏறிவிடும்.

"அதே பால், அதே டம்ளர். எனக்கு ஏறலை, உனக்கு ஏறுதுன்னா என்ன அர்த்தம்? திருட்டுத்தனமா ஏதோ உள்ளே போகுது."

முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவேன் என்று மார்தட்டிக்கொள்கிறவர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். தையல் மிஷின் டிராயர், தலையணை உறை, அவள் கைப்பை என்று ஒன்று விடாமல் குடைந்தாகிவிட்டது.

"நாளைக்குத் தங்கச்சிக்கு ஆபரேஷன். கூட இருக்க அவளுக்கு வேற யாருங்க இருக்கா? நான் போகணும்."

"முதல்ல சுகர் இறங்கட்டும். அங்கே போனா உன்னை யார் கண்காணிக்கிறது?"

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணிகளைப் பையில் அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். போன் அடிக்கும்போதெல்லாம் பதறினாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"டாக்டர்கிட்ட போவோம். அவங்க சொல்றபடி கேட்கிறேன்."

"வா, வா. உன் குட்டு அங்கேயே வெளிப்படட்டும்."

டாக்டர் சின்னப் பெண். பக்கத்தில் ஒரு நர்ஸ் வேறு நின்றிருந்தாள். செக்கர் தன் குற்றச்சாட்டை விலாவாரியாகச் சொல்லி முடித்தார். தங்கச்சி ஆபரேஷனுக்குப் போக வேண்டியதை அவளும் சொன்னாள்.

"நீங்க போடாட்டியும் பாலுக்குள்ளேயே ஒரு சர்க்கரை இருக்கு சார்" என்றாள் டாக்டர். "சிலர் உடம்பு அதை உடைச்சு ரத்தத்துல சேர்த்துடும், சுகர் ஏறும். சிலருக்கு அதை உடைக்க வராது. அது அப்படியே கீழே பெருங்குடலுக்கு இறங்கிடும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதைத் தின்னுடும். அதனால ரத்தத்துல ஏறாது. ஆனா வயிறு உப்பும், உருளும், வாயு பிரியும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா? இருந்தா, அம்மா மேல எந்தத் தப்பும் இல்லை."

செக்கர் நாற்காலியில் நெளிந்தார். நர்ஸைப் பார்த்தார்.

"சேச்சே, அதெல்லாம் எனக்குக் கிடையாது."

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்கதான் வேற ஏதோ சாப்பிடறீங்க. மறைக்காம சொல்லுங்கம்மா."

அவள் கணவரை ஒரு முறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, மாத்திரையைக் கூட்டி எழுதறேன். திடீர்னு சுகர் இறங்கி மயக்கம் வரலாம். ஒரு வாரத்துக்கு வெளியூர் எங்கேயும் போகாதீங்க."

அவள் கண்கள் நிரம்பிவிட்டன.

"சரிங்க டாக்டர்."

டாக்டர் பேனாவைத் திறந்தாள். செக்கரின் கால் மேஜைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பேனா ஓட ஆரம்பித்ததும் கையை நீட்டி மறித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்."

"ஏன்?"

"எனக்கு இருக்கு. பால் குடிச்சா வயிறு கடமுடாங்கும். அப்புறம்... நீங்க சொன்ன அதுவும் இருக்கு."

நர்ஸ் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்காமல் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

"ஊதிப் பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு சார், செஞ்சு உறுதிப்படுத்திக்கலாம். அம்மா, நீங்க பாலைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. தங்கச்சிகிட்ட தாராளமா போயிட்டு வாங்க."

வெளியே வந்ததும் செக்கர் வேகமாக நடந்தார். பிறகு நின்றார். அவள் வந்து சேரும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, வெட்கமா இருக்கு" என்றார். "ஆனா நான் உள்ளே பொய் சொன்னப்போ நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் வயித்துக் கோளாறு உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு யார் வந்தாலும், 'சாக்கடை அடைச்சிருக்கு'ன்னு சொல்லி நான் ஜன்னலைத் திறந்து விடறேனே, நம்ம வீட்டுச் சாக்கடை என்னிக்குங்க அடைச்சுது?"